வளையும் ஒளித்தாள்: வெள்ளி உப்பிலிருந்து ஈய உப்பு வரை

அமெரிக்காவின் நியூவர்க் நகரத்துப் பாதிரியார் ஹானிபல் குட்வினுக்கு ஓர் ஆசை இருந்தது. ஞாயிறு வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு விவிலியக் கதைகளைப் படம் காட்டிச் சொல்லவேண்டும். அன்றைக்கு ஒளிப்படம் என்றால் கண்ணாடித் தகடு. தூக்கினால் கனம், கை நழுவினால் தூள். உடையாத, ஒளி ஊடுருவுகிற, சுருட்டி வைக்கக்கூடிய ஒரு பொருளைத் தேடி அவர் வேதியியல் குடுவைகளோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார். 1887 மே 2 அன்று செல்லுலாய்டு பிலிமுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போட்டார்.

காப்புரிமை கைக்கு வந்தது 1898 செப்டம்பரில். இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் ரோசெஸ்டர் நகரத்து ஜார்ஜ் ஈஸ்ட்மன், தன்னிடம் வேலை பார்த்த வேதியியலாளர் ஹென்றி ரைக்கன்பாக் உருவாக்கிய முறையில் செல்லுலாய்டு பிலிமைச் செய்து, 1889 முதலே விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய கோடாக் நிறுவனத்தின் பெயர் ஊர் ஊராகப் பரவிவிட்டது. குட்வின் 1900-இன் கடைசி நாளில் இறந்துபோனார். அவருடைய உரிமையை வாங்கிய ஆன்ஸ்கோ நிறுவனம் மட்டும் கோடாக்குக்கு எதிரான காப்புரிமை வழக்கை விடவில்லை. 1914-இல் கோடாக் 50 லட்சம் டாலர் கொடுத்து அதைத் தீர்த்துக்கொண்டது. பாதிரியாருக்கு நியாயம் கிடைத்தது, அவர் போய்ச் சேர்ந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து.

இந்தப் பழைய வழக்கை இப்போது நினைவுபடுத்தக் காரணம் உண்டு. ஒளியை உணரும் உப்பு ஒன்றை வளையும் தாளில் பூசுவது என்ற அந்தத் தொழில் நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கோலோச்சியது. பிறகு டிஜிட்டல் கேமரா வந்து அதை மூடியது. இன்று பெரோவ்ஸ்கைட் என்ற படிக வகையைப் பிளாஸ்டிக் தாளில் பூசி வளையும் ஒளி உணரிகள் செய்யும் ஆய்வாளர்களைச் செய்தித்தாள்கள் குறைக்கடத்தித் துறையின் புதிய பிள்ளைகள் என்று எழுதுகின்றன. வம்சாவளியைப் பார்த்தால் இவர்கள் சிலிக்கான் வீட்டுப் பிள்ளைகள் அல்லர், பிலிம் வீட்டுப் பேரப்பிள்ளைகள். அன்று பூசியது வெள்ளியின் ஹாலஜன் உப்பு, இன்று பூசுவது ஈயத்தின் ஹாலஜன் உப்பு. குளோரின், புரோமின், அயோடின் என்ற அதே மூன்று தனிமங்கள் இரண்டிலும் வேலை செய்கின்றன.

பிலிமின் உட்கூறு எளிமையானதுதான். நுண்ணிய வெள்ளி புரோமைடு படிகங்களை ஜெலட்டினில் கலந்தால் எமல்ஷன், அதை ஒரு தாளின்மேல் பூசினால் பிலிம். ஜெலட்டினைப் பயன்படுத்தலாம் என்று 1871-இல் எழுதியவர் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். ஒளி பட்ட படிகத்துக்குள் நான்கைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர்ந்தால் போதும், டெவலப்பர் திரவத்தில் அந்தப் படிகம் முழுவதும் வெள்ளியாக மாறிக் கறுக்கும். கோடிக்கணக்கான அணுக்கள் கொண்ட படிகத்தின் தலைவிதியை நான்கைந்து அணுக்கள் எழுதுகின்றன. இவ்வளவு பெரிய பெருக்கத்தை மின்னணுவியல் தொடுவதற்கு வெகுகாலம் பிடித்தது.

ஆனால் ஜெலட்டினின் ஒவ்வொரு வரத்தும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டது. ஒரு மூட்டையில் செய்த எமல்ஷன் கூர்மையாக உணரும், அடுத்த மூட்டையில் செய்தது மந்தமாகக் கிடக்கும். காரணத்தை 1925-இல் கண்டுபிடித்தவர் கோடாக் ஆய்வகத்தின் சாமுவேல் ஷெப்பர்டு. மாட்டின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவது ஜெலட்டின். மாடு கடுகுச் செடி போன்றவற்றை மேய்ந்திருந்தால் அதிலுள்ள கந்தகச் சேர்மம் துளியளவு ஜெலட்டினில் தங்கி, வெள்ளி உப்பின் உணர்திறனைப் பல மடங்கு கூட்டிவிடுகிறது. ஹாலிவுட்டின் வெளிச்சத்துக்குப் பின்னால் மாடு தின்ற கடுகும் இருந்தது.

பூசப்படும் தாளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. செல்லுலாய்டு என்பது நைட்ரேட் ஏற்றிய பஞ்சும் கற்பூரமும் சேர்ந்த பொருள். அது எப்படி எரியும் என்று தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் நைட்ரேட் பிலிம் அணையாது. எரியாமல் தப்பியதும் காலப்போக்கில் தானாக உளுத்துப்போகும். 1950களின் தொடக்கத்தில்தான் அது கைவிடப்பட்டு, எளிதில் தீப்பிடிக்காத அசிட்டேட் தாளும் பின்னர் பாலியஸ்டர் தாளும் இடம்பிடித்தன. சென்னையில் ஆர். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ மௌனப்படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பாலானவற்றின் கதி அதுதான்.

இந்தத் தொழில் தமிழ்நாட்டிலும் ஒரு முறை வேர்விட்டது. 1960-இல் இந்திய அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம், பிரான்சின் பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு ஊட்டியில் ஆலை கட்டியது. 1967-இல் உற்பத்தி தொடங்கியது. எமல்ஷனுக்குத் தூசு ஆகாது, வெப்பமும் ஆகாது. நீலகிரியின் குளிர்ந்த காற்று தோதாக அமைந்தது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் சுருள்கள், ஒளிப்படத் தாள், சினிமா பிலிம், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே பிலிம் எல்லாம் அங்கிருந்து போயின. ஆலையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புக்கே இந்து நகர் என்று பெயர் வந்தது. பூச்சுக் கூடங்களில் வேலை முழுக்க இருட்டில். வெளிச்சம் பட்டால் பொருள் பாழ் என்பதால் பழகிய கையும் காலடிக் கணக்குமே அங்கே துணை.

ஒரு பெரிய தாளில், சீரான தடிமனில், ஓர் இடத்தில்கூடத் திட்டு விழாமல், ஈரம் காய்வதற்குள் படிகத்தின் அளவு மாறிவிடாமல் பூசுவது லேசான காரியமல்ல. ரோசெஸ்டரிலும் ஊட்டியிலும் ஜப்பானின் அஷிகாராவிலும் இதற்கென்றே ஒரு தலைமுறை ஆட்கள் தேர்ந்திருந்தார்கள். ஊட்டி ஆலை 1996-இல் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் வெளியேற, இயந்திரங்கள் நின்றன. கட்டடம் போனது பெரிய இழப்பில்லை. கையோடு போன பூச்சுத் திறமைதான் இழப்பு. இன்று பெரோவ்ஸ்கைட் ஆய்வகங்கள் தேடி அலைவது கிட்டத்தட்ட அதே திறமையைத்தான்.

ஒளியை உணர இன்னொரு பாதையும் இருந்தது, மின்சாரப் பாதை. அது தற்செயலாகத் தொடங்கியது. கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்க மிகப்பெரிய மின்தடை தேவைப்பட்டது. தந்திப் பொறியாளர் வில்லபி ஸ்மித் அதற்குச் செலினியக் கோல்களை எடுத்துக்கொண்டார். அயர்லாந்தின் வலென்ஷியா தந்தி நிலையத்தில் அவருடைய உதவியாளர் ஜோசப் மே அளந்தபோது எண்கள் ஒரு நிலையில் நிற்கவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்தால் மின்தடை குறைந்தது, மூடினால் ஏறியது. கம்பியைச் சோதிக்க வந்த பொருள் வெளிச்சத்தை அளந்துகொண்டிருந்தது. 1873 பிப்ரவரியில் ஸ்மித் இதைக் கடிதமாக எழுத, ‘நேச்சர்’ இதழ் வெளியிட்டது. 1880-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே செலினியத்தைக் கொண்டு வாஷிங்டனில் 213 மீட்டர் தூரத்துக்கு ஒளிக்கற்றையில் பேச்சை அனுப்பிக் காட்டினார். கொல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் கலீனா என்ற ஈய சல்பைடு படிகத்தை எடுத்துக்கொண்டார். ரேடியோ அலைக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் இசைந்து கொடுத்த அந்த உணரிக்கு 1901-இல் விண்ணப்பித்து 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஈயச் சேர்மத்தை வைத்து ஒளியை உணர்வது இந்தியாவுக்குப் புதிதல்ல என்பதற்கு அது சாட்சி.

அதே 1873-இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் என்பவர் வேறொன்றைக் கண்டார். வெள்ளி புரோமைடு நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும், பச்சையும் சிவப்பும் அதற்குத் தெரியாது. எமல்ஷனில் ஒரு சாயத்தைக் கலந்தால், சாயம் உறிஞ்சும் நிறத்தையும் வெள்ளி உப்பு உணரத் தொடங்கியது. சாயம் ஒளியைப் பிடித்து ஆற்றலைப் படிகத்துக்குக் கைமாற்றுகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்புப் புடவை கரியாகத் தெரியாமல் போனது இதற்குப் பிறகுதான். இந்தச் சாய வித்தை பின்னால் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது இந்தக் கதையின் முக்கியமான முடிச்சு.

மின்சாரப் பாதையை சிலிக்கான் பிடித்துக்கொண்டது. 1969 அக்டோபரில் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்ற படமுணரிச் சில்லுக்கு வடிவம் கொடுத்தார்கள். 1975-இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அத்தகைய ஒரு சில்லை வைத்து உலகின் முதல் டிஜிட்டல் கேமராவைக் கட்டினார். குறுக்கே 100, நெடுக்கே 100 என மொத்தம் 10,000 பிக்சல். ஒரு படத்தைக் கேசட் நாடாவில் எழுத 23 வினாடி ஆனது. பிலிம் கம்பெனியின் மடியிலேயே பிலிமுக்கு எமன் பிறந்தான். 1990களில் எரிக் ஃபாஸம் குழுவினர் அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் உருவாக்கிய சிமாஸ் உணரி, கேமராவை அலைபேசிக்குள் நுழைத்தது. இன்று சட்டைப்பையில் இருப்பது அதுதான்.

சிலிக்கானின் வெற்றியைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அதன் குணம் ஒன்று உண்டு. 1,414 டிகிரி செல்சியஸில் உருக்கி, ஒற்றைப் படிகமாக இழுத்து வளர்த்து, வட்ட வட்டமாக அறுத்தெடுக்கும் தகடு அது. வளைத்தால் பொரித்த அப்பளம்போல நொறுங்கும். பிலிமை எந்த அளவிலும் வெட்டலாம், எதைச் சுற்றியும் கட்டலாம். சிலிக்கான் சில்லோ தட்டையாகத்தான் இருக்கும், சிறியதாகத்தான் இருக்கும்.

தட்டையாக இருப்பதற்கு ஒளியியல் எப்போதும் விலை கொடுத்து வந்திருக்கிறது. சாதாரண லென்ஸ் ஒன்று படத்தைத் தட்டையான பரப்பில் குவிப்பதில்லை, கிண்ணம்போல் வளைந்த பரப்பில்தான் குவிக்கிறது. 1840-இல் புகழ்பெற்ற உருவப்பட லென்ஸை வடிவமைத்த ஜோசப் பெட்ஸ்வாலின் பெயரைத்தான் இந்த வளைவு இன்றும் தாங்கி நிற்கிறது. நம் விழித்திரை வளைந்திருப்பதால் கண்ணுக்கு ஒரு லென்ஸ் போதும். கேமராவுக்கு ஆறு, ஏழு, எட்டு என்று அடுக்கவேண்டியிருப்பதற்கு உணரியின் தட்டைத்தனம் ஒரு பெரிய காரணம்.

வானியலாளர்கள் இதை முன்பே உணர்ந்து குறுக்குவழி கண்டார்கள். இளவயதில் நடந்த வெடிவிபத்தில் ஒரு கையை இழந்த பெர்ன்ஹார்டு ஷ்மிட் 1930-இல் ஹாம்பர்க்கில் அமைத்த தொலைநோக்கிக் கேமரா, வானத்தின் அகன்ற பரப்பை ஒரே படத்தில் கூர்மையாகக் காட்டியது. நிபந்தனை ஒன்றுதான், பிலிம் வளைந்திருக்க வேண்டும். அதே அமைப்பில் கலிஃபோர்னியாவின் பாலமர் மலையில் எழுந்த 48 அங்குலத் தொலைநோக்கியில், 14 அங்குலக் கண்ணாடித் தகட்டையே வளைத்துச் சட்டத்தில் பொருத்திப் படமெடுத்தார்கள். சிலிக்கான் காலம் வந்ததும் அந்த வசதி போனது. 2009-இல் ஏவப்பட்ட கெப்ளர் விண்தொலைநோக்கியில் 42 தட்டைச் சில்லுகளைத் துண்டுதுண்டாக ஒரு வளைந்த பரப்பின்மேல் பதிக்கவேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ராஜர்ஸ் குழு, சிலிக்கானைச் சிறு தீவுகளாக வெட்டி வளையும் இணைப்புகளால் கோத்து, அரைக்கோள வடிவக் கேமரா ஒன்றைச் செய்தது. அழகான வேலை. ஆனால் வளைந்தது இணைப்புகள்தான், சிலிக்கான் வளையவில்லை.

இனி ஈய உப்பின் கதை. 1839-இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் குஸ்தாவ் ரோஸ், உரால் மலையிலிருந்து வந்த ஒரு கனிமத்தை ஆராய்ந்து, ரஷ்யப் பிரபுவும் கனிமச் சேகரிப்பாளருமான லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரை அதற்கு இட்டார். அது கால்சியமும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கல். ஒளி உணரிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெரிய அயனி ஒன்று, சிறிய உலோக அயனி ஒன்று, அதைச் சுற்றி எண்முகமாக ஆறு எதிர்மின் அயனிகள் என்ற அதன் கட்டமைப்பு மட்டும் பின்னாளில் ஒரு பெரிய குடும்பத்துக்குப் பொதுப்பெயராக நின்றுவிட்டது. அதே 1839-இல்தான் பாரிஸில் தாகேர் தன் ஒளிப்பட முறையை அறிவித்தார், பத்தொன்பது வயது எட்மோன் பெக்கரல் ஒளியால் மின்சாரம் பிறப்பதைக் கண்டார். மூவருக்கும் ஒருவர் வேலை மற்றவருக்கு என்றாவது உதவும் என்ற எண்ணம் கனவிலும் இருந்திருக்காது.

ஈயமும் ஹாலஜனும் சீசியமும் சேர்ந்த உப்புகளை 1893-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஹொரேஸ் வெல்ஸ் தயாரித்து எழுதிவைத்தார். அவை பெரோவ்ஸ்கைட் கட்டமைப்பு கொண்டவை என்று கோபன்ஹேகனின் கிறிஸ்டியன் மொல்லர் காட்ட அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மொல்லர் அதோடு நிற்கவில்லை. வெளிச்சம் பட்டால் இந்த உப்புகளின் மின்கடத்தல் கூடுகிறது என்றும், குளோரினுக்குப் பதில் புரோமினோ அயோடினோ சேர்த்தால் உணரும் நிறம் மாறுகிறது என்றும் 1958-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அதாவது ஒளி உணரிக்கு வேண்டிய எல்லாமே அந்தச் சிறு கட்டுரையில் இருந்தது. யாரும் சீண்டவில்லை. சிலிக்கான் அப்போதுதான் ஏறுமுகம் காட்டியிருந்தது, பிலிமோ உச்சத்தில் இருந்தது. தேவை பிறக்காத நேரத்தில் வந்த விடை அது. 1978-இல் ஸ்டுட்கார்ட்டின் டீட்டர் வெபர் சீசியத்தை எடுத்துவிட்டு மெத்தில்அமோனியம் என்ற கரிமத் துண்டை வைத்துப் பார்த்தார். 1990களில் ஐபிஎம் ஆய்வகத்தில் டேவிட் மிட்ஸி, வெள்ளீயம் கொண்ட உறவுக்காரப் படிகங்களில் டிரான்சிஸ்டர்வரை போனார். பெரும்பாலும் வேதியியலாளர்களுக்குள் சுழன்ற பேச்சாகவே இது இருந்தது.

முடிச்சு ஜப்பானில் அவிழ்ந்தது. சுடோமு மியாசகா 1981 முதல் இருபது ஆண்டுகள் ஃபுஜி போட்டோ பிலிம் நிறுவனத்தின் அஷிகாரா ஆய்வகத்தில் பணியாற்றியவர். 1992-இல் பாக்டீரியப் புரதம் ஒன்றைப் பூசிச் செயற்கை விழித்திரை செய்து ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டவரும் அவர்தான். பிலிம் தொழில் சரியத் தொடங்கிய நேரத்தில், 2001-இல், யோகோஹாமாவின் தோயின் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே எடுத்துக்கொண்டது சாயம் பூசிய சூரிய மின்கலம். 1991-இல் பிரையன் ஓ’ரீகனும் மிஹாயேல் கிரெட்செலும் உருவாக்கிய அந்த மின்கலம், ஃபோகல் வெள்ளி புரோமைடில் செய்த சாய வித்தையின் நேர் வாரிசு: சாயம் ஒளியைப் பிடிக்கும், பக்கத்திலுள்ள படிகம் எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். மியாசகாவின் மாணவர் அகிஹிரோ கொஜிமா சாயத்துக்குப் பதிலாக ஈய ஹாலஜன் பெரோவ்ஸ்கைட்டை வைத்துப் பார்த்தார். 2009-இல் வெளியான முடிவின்படி, ஒளியை மின்சாரமாக்கும் திறன் 3.8 சதவீதம். அதுவும் மின்கலத்துக்குள் இருந்த திரவத்தில் கரைந்து சீக்கிரமே செத்துப்போனது. இன்று அதே குடும்பத்து மின்கலங்கள் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டன.

2009-ஐ இந்தத் துறையின் பஞ்சாங்கத்தில் சிவப்பு மையால் குறிக்கலாம். அந்த ஆண்டு ஜூனில் கோடாக், கோடாக்குரோம் பிலிம் இனி தயாரிக்கப்படாது என்று அறிவித்தது. அக்டோபரில் சிசிடிக்காக பாயிலுக்கும் ஸ்மித்துக்கும் நோபல் பரிசு. வெள்ளி உப்புக்கு விடைகொடுத்து சிலிக்கானுக்கு முடிசூட்டிய அதே ஆண்டில், பழைய பிலிம்காரர் ஒருவரின் ஆய்வகத்திலிருந்து ஈய உப்பு வெளியே வந்தது.

மின்கலம் செய்கிறவர்களைப் பார்த்து ஒளி உணரி செய்கிறவர்களும் விழித்தார்கள். 2014-இல் லாஸ் ஏஞ்சலிஸில் யாங் யாங் குழு, மிக மங்கிய ஒளியையும் பிடிக்கும் பெரோவ்ஸ்கைட் உணரியை வெளியிட்டது. அதே ஆண்டு சீனாவின் ஹெஃபெய் நகரத்து ஷியே யி குழு, பெட் பிளாஸ்டிக் தாளில் பூசிய வளையும் உணரியைச் செய்தது. புற ஊதாவில் 310 நானோமீட்டரில் தொடங்கிச் சிவப்பின் விளிம்பான 780 நானோமீட்டர்வரை அது உணர்ந்தது.

இது சாத்தியமாகக் காரணம் பொருளின் இரண்டு குணங்கள். முதலாவது, சமையல் எளிது. ஈய அயோடைடையும் மெத்தில்அமோனியம் அயோடைடையும் கரைப்பானில் கரைத்தால் மஞ்சள் திரவம் கிடைக்கும். அதைத் தாளில் பூசி 100 டிகிரி அளவில் சூடாக்கினால் கரும்பழுப்புப் படிகப் படலமாக மாறும். பிளாஸ்டிக் அந்தச் சூட்டைத் தாங்கும், சிலிக்கானின் சூட்டைத் தாங்காது. இரண்டாவது, அரை மைக்ரோமீட்டர் தடிமன் போதும், விழுந்த ஒளியில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். சிலிக்கான் அதே வேலைக்குப் பல மடங்கு தடிமன் கேட்கும்.

தடிமன் குறைந்தால் வளைவைத் தாங்குவது வெறும் கணக்கு. 0.1 மில்லிமீட்டர் தாளை 5 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோலில் சுற்றினால் அதன் வெளிப்பரப்பு ஒரு சதவீதம் இழுபடும். தாளைப் பத்தில் ஒன்றாக மெலிதாக்கினால் இழுப்பும் பத்தில் ஒன்றாகும். உணரும் படலத்தைத் தாளின் நடுத் தடிமனில் பொதிந்துவிட்டால் இழுப்பு ஏறத்தாழ இல்லை. நடைமுறையில் முதலில் விரிசல் விடுவது பெரோவ்ஸ்கைட்கூட இல்லை, மின்சாரத்தை எடுத்துச்செல்லும் இண்டியம் வெள்ளீய ஆக்சைடு படலம். தொடுதிரைகளில் இருக்கும் அதே கண்ணாடித்தன்மை கொண்ட பொருள். அதற்குப் பதிலாக வெள்ளி நுண்கம்பிகளையும் கிராஃபீனையும் வைத்துப் பார்க்கிறார்கள்.

வளைவைக் கண்ணாகவே மாற்றிக் காட்டியது ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். ஃபான் ஜியோங் குழு 2020-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட செயற்கைக் கண்ணில், அரைக்கோளமாக வளைத்த அலுமினா சவ்வின் நுண்துளைகளுக்குள் பெரோவ்ஸ்கைட் இழைகள் வளர்க்கப்பட்டன. ஒரு சதுர சென்டிமீட்டரில் 46 கோடி இழைகள். மனித விழித்திரையில் அதே பரப்பில் ஏறத்தாழ ஒரு கோடி உணர்செல்கள்தான். ஆனால் ஒவ்வோர் இழைக்கும் கம்பி இழுப்பது யாரால் முடியும்? ரப்பர் குழாய்களுக்குள் திரவ உலோகம் நிரப்பி அவர்கள் இணைத்தது மொத்தம் 100 பிக்சல். சாசனின் கேமராவில் இருந்ததில் நூற்றில் ஒரு பங்கு. பத்திரிகைகள் ‘மனிதக் கண்ணை விஞ்சியது’ என்று தலைப்பிட்டபோது இந்த எண்ணைச் சொல்ல மறந்துவிட்டன.

நிறத்தைப் பிரிப்பதிலும் பழைய பிலிமின் மூளை திரும்பி வருகிறது. 1935-இல் லியோபோல்ட் மேன்ஸ், லியோபோல்ட் கொடோவ்ஸ்கி என்ற இரு இசைக்கலைஞர்கள் கோடாக்குக்காக உருவாக்கிய கோடாக்குரோமில், நீலம், பச்சை, சிவப்புக்கான அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. ஒரே புள்ளியில் மூன்று நிறமும் பதிந்தன. டிஜிட்டல் கேமராவில் அப்படி இல்லை. கோடாக்கின் பிரைஸ் பேயர் 1970களில் வகுத்த முறைப்படி, ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் ஒரு நிற வடிகட்டி உட்கார்ந்து மற்ற இரண்டு நிறங்களைத் தடுத்துவிடும். வந்த ஒளியில் பெரும்பகுதி வீண். சூரிக் நகரில் மக்சிம் கோவலென்கோ குழு செய்யும் உணரியில் அயோடின் உப்பு சிவப்புக்கு, புரோமின் கலந்தது பச்சைக்கு, குளோரின் கலந்தது நீலத்துக்கு என்று மூன்று பெரோவ்ஸ்கைட் அடுக்குகள் உண்டு. வடிகட்டியே வேண்டாம். மொல்லர் 1958-இல் கண்ட நிறமாற்றத்தை மேன்ஸும் கொடோவ்ஸ்கியும் போட்ட அடுக்கில் வைத்ததாகவே இதைப் படிக்கலாம்.

குறைகளும் சிறியவை அல்ல. திரவத்தில் கரைத்துப் பூசக்கூடிய பொருள் ஈரக்காற்றிலும் கரையும். ஐப்பசி மழைக்கு நடுவில் சென்னையில் ஒரு வாரம் திறந்து வைத்தால் கரும்பழுப்புத் தாள் மீண்டும் மஞ்சளாகும் என்று எதிர்பார்க்கலாம். மூடி முத்திரை வைத்தாலும் படிகத்துக்குள் அயனிகள் மின்புலத்தில் நகர்ந்துகொண்டே இருப்பதால், வெளிச்சம் இல்லாதபோதும் கொஞ்சம் மின்னோட்டம் கசியும், அளவு மெல்ல நகரும். வெள்ளி பிலிமும் சூட்டிலும் ஈரத்திலும் கெடுவதுதான், ஆனால் அது ஒருமுறை படமெடுத்தால் கடமை முடிந்தது. உணரியோ ஆண்டுக்கணக்கில் ஒரே அளவு சொல்லவேண்டும்.

ஈயம் இன்னொரு தொல்லை. பழைய எக்ஸ்ரே பிலிமை எடைக்கு வாங்கி அதிலிருந்து வெள்ளி எடுக்க நம் ஊரிலேயே ஆள் உண்டு. கிழிந்த ஈயத் தாளை யாரும் தேடி வந்து வாங்கப்போவதில்லை, அது குப்பைமேட்டில் மழைநீரோடு மண்ணில் இறங்கும். மின்னணுப் பொருள்களில் ஒரே சீரான எந்தப் பொருளிலும் 0.1 சதவீதத்துக்கு மேல் ஈயம் கூடாது என்பது ஐரோப்பிய விதி. வெள்ளீயத்தை மாற்றாக வைத்துப் பார்க்கிறார்கள், ஆனால் அது காற்றில் இன்னும் வேகமாகக் கெடுகிறது.

இவ்வளவையும் எடைபோட்டால், அலைபேசிக் கேமராவில் சிலிக்கானை இந்தத் தாள் இப்போதைக்கு அசைக்காது. அதற்கான இடம் எக்ஸ்ரேயில் இருக்கிறது. ஈயம் கனமான அணு, எக்ஸ்ரேயை நன்றாகத் தடுத்து உறிஞ்சும், அதை நேரடியாக மின்சாரமாக மாற்றும். 2017-இல் தென்கொரியாவின் சாம்சங் ஆய்வாளர்களும் சங்யுங்வான் பல்கலைக்கழகத்தாரும் கூழ்போன்ற பெரோவ்ஸ்கைட்டைத் தடிமனாகப் பூசி எக்ஸ்ரே பலகை செய்து காட்டினார்கள். 2020-இல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் ஹுவாங் ஜின்சோங் குழு நைலான் சவ்வின் துளைகளில் பெரோவ்ஸ்கைட்டை நிரப்பி, வளையும் எக்ஸ்ரே உணரியைப் பெரிய பரப்பில் செய்தது.

தொழிற்சாலைகளில் குழாயின் வெல்டிங் மூட்டைச் சோதிக்கிறவர்கள் இன்றும் பழைய வெள்ளி பிலிமை விடாததற்குக் காரணம், அது குழாயைச் சுற்றி வளையும் என்பதுதான். மருத்துவமனைகளில் பிலிமைத் துரத்திய டிஜிட்டல் பலகை அங்கே வளைய மறுக்கிறது. திருச்சி பெல் (BHEL) போன்ற கொதிகலன் ஆலைகளில் இத்தகைய மூட்டுகளுக்குக் கணக்கில்லை. பெரோவ்ஸ்கைட் தாள் முதலில் பிழைப்பு தேடிக்கொள்ளப்போவது அங்கேதான். அங்கே தாள்கள் எண்ணிக்கையில் குறைவு, யார் கையில் எது இருக்கிறது என்பதற்குப் பதிவேடு உண்டு, பழுதானதைத் திரும்பப் பெறுவதும் எளிது. ஈயத்துக்கும் அங்கே யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை, கதிர்வீச்சைத் தடுக்க எக்ஸ்ரே அறையின் சுவரிலேயே ஈயத்தகடு பதித்திருக்கிறார்கள்.